அக்காவின் குரலுக்கு ஒரு கம்ப்யூட்டர்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, வேட்டியை அவிழ்த்துச் சாரத்தைக் கட்டிக்கொண்டு அப்பாடா என்று உட்கார்ந்தேன். வாட்ஸ்அப்பில் அக்கா மகள் ஜெனி இரண்டு லேப்டாப் படங்களை அனுப்பியிருந்தாள். நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிற பிள்ளை. வீட்டிலேயே பாட்டு ரெக்கார்டு பண்ண ஒரு ஸ்டூடியோ போடப் போகிறாளாம். "மாமா, இதுல எது எடுக்கட்டு? ராம் பதினாறு போதுமா? மைக்குக்கு தனி கார்டு வேணுமா? சாஃப்ட்வேர் எது கொள்ளாம்?" ஒரே மூச்சில் நாலு கேள்வி. அடியில் ஒரு வரி: "மாமாவுக்கு இதெல்லாம் பண்டே தெரியும்னு அம்மா சொன்னாவ."

பண்டே, அந்தக் காலத்திலேயே, தெரியுமாம்! அக்கா இன்னும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். அந்தப் படங்களைப் பார்த்ததும் என் மூக்கில் ஏறியது ரப்பர் ஷீட்டின் வாடை. லேப்டாப்புக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். உண்டு, சொல்கிறேன்.

இருபது வருஷத்துக்கு மேல் இருக்கும். மயிலாடியில் எங்கள் வீடு. நான் நாகர்கோவிலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தினேன். பாடம் என்பது பெரிய வார்த்தை. மவுஸை எப்படிப் பிடிப்பது, பயோடேட்டாவை எப்படி அடிப்பது, அவ்வளவுதான். ஆனால் எங்கள் தெருவில் கம்ப்யூட்டரைத் தொட்டவன் எல்லாம் இன்ஜினியர். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றாலும் என்னிடம் வருவார்கள், மிக்ஸி புகைந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் வெட்கமில்லாமல் திறந்து பார்ப்பேன்.

சுகந்தி அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். சபைப் பாடகர் குழுவில் அவள் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, பாட்டில் உப்பு குறைந்தது போல இருக்கும். கல்யாணமாகி இரண்டு மாதத்தில் அத்தான் மஸ்கட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைதோறும் போன் வரும். யோசித்துப் பாருங்கள், இரண்டு மாதம் கூட இருந்த மனைவி. அதன் பிறகு அந்த மனிதருக்கு அக்கா என்றால் வாரம் ஒரு தடவை காதில் கேட்கிற குரல்தான். வேறு என்ன இருந்தது அவருக்கு?

அந்தக் குரல் இருந்த கழுத்தில்தான் கட்டி வந்தது. தைராய்டு. திருவனந்தபுரத்தில் டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட வேண்டாம், எடுத்துவிடலாம், ஆனால் குரல் நரம்பை ஒட்டிக் கிடக்கிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்றார். மூன்று வாரம் கழித்து ஆபரேஷன். திரும்பி வருகிற பஸ்ஸில் தக்கலை வந்தபோது அக்கா கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "லே, நான் பாடுறத நீ பிடிச்சு வையி. இருக்கப்பட்ட சத்தத்த பிடிச்சு வையி."

நாகர்கோவில் ஸ்டூடியோ எதற்காவது போவோமே என்றேன். "வீட்டுல வச்சா பாடுதேன். வெளிய ஆளுவளுக்க முன்ன நின்னு பாடும்பம் அழுக வந்துட்டுன்னா நான் என்ன செய்ய?" என்றாள். வீட்டில் ஸ்டூடியோ போடுவது என்று முடிவாயிற்று. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

கம்ப்யூட்டர் கடைக்காரர் ஒருவரிடம் போனேன். "கேம் விளையாடவா, டைப் அடிக்கவா?" என்றார். பாட்டுப் பிடிக்க என்றதும் முழித்தார். அப்படி ஒரு ஆள் அவர் கடைக்கு அதுவரை வந்ததில்லை. "அப்பம் உள்ளதுல வேகமானத எடுத்திருங்க" என்றார். வெள்ளிக்கிழமை போன் வந்ததும் அத்தானிடம் கேட்டேன். அவர் அறையில் இருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள், பின்னால் இருந்து சத்தமாகக் கேட்டது. எல்லோரும் சொன்னது ஒன்றே: வேகம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்ப்பது போல ஊரே பேசித்தான் அந்த ப்ராசஸரை எடுத்தோம். ஹார்டு டிஸ்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. கடைக்காரர் பெரியதும் காட்டினார், சின்னதும் காட்டினார். "நாலு பாட்டுக்கு எதுக்கு ஒரு பாடு எடம்?" என்று நான்தான் சின்னதைக் கைகாட்டினேன்.

சவுண்ட் கார்டு ஒன்று தனியாக, தூசி தட்டி எடுத்துக் கொடுத்தார். நான் செய்த ஒரே நல்ல தேர்வு அதுதான். மைக்கைப் போதகரிடம் கேட்டு சபையிலிருந்து எடுத்து வந்தேன். சனிக்கிழமை சாயங்காலம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், திங்கட்கிழமை மறுபடி எடுத்துக்கொள்ளலாம். சாஃப்ட்வேர் எங்கள் சென்டரில் கூட வேலை பார்த்த நண்பன் கொடுத்த சிடியில் இருந்தது, இரண்டு. ஒன்றில் நாலே நாலு பொத்தான். இன்னொன்றைத் திறந்தால் விமானத்தில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. நான் எதை எடுத்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

முதல் நாள் நடு அறையில் எல்லாவற்றையும் பூட்டி, அக்காவை ஒரு வரி பாடச் சொன்னேன். திரும்பப் போட்டுக் கேட்டால், அக்கா அரவை மில்லுக்குள் நின்று பாடுகிறாள். வேகமான ப்ராசஸர் வேகமாகச் சூடாகும், சூட்டைத் தணிக்க உள்ளே ஒரு விசிறி உயிரைக் கொடுத்துச் சுற்றும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போர்வையை எடுத்துச் சுற்றினேன். பாதிப் பாட்டில் கம்ப்யூட்டர் அணைந்தே போயிற்று. "ஏம்லே, அதுக்கு மூச்சு முட்டாதா?" என்றாள் அம்மா. அந்த வீட்டில் இன்ஜினியரிங் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இனி ரப்பருக்கு வருகிறேன். சுவர் முழுக்க ரப்பர் ஃபோம் ஒட்டினால் அது சத்தத்தைக் குடித்துவிடும் என்றான் நண்பன். ஃபோம் என்பதெல்லாம் நாகர்கோவில்காரர்களின் பவுசு, நமக்குத்தான் ரப்பரே சொந்தத்தில் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. குலசேகரம் பக்கம் சின்ன மாமாவுக்குக் கொஞ்சம் ரப்பர் மரங்கள் உண்டு. சொல்லி அனுப்பினேன். பால் உறைய வைத்து, உருட்டி, புகை போட்ட ஷீட் நாற்பது. மாமா அதைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் கொண்டு வந்தார். "இத எறக்குனாத்தான் வண்டி போவும்" என்று கண்டக்டர் சண்டை போட்டாராம். "என் மருமவளுக்கு சொகமில்ல ஓய், அதுக்காக்கும்" என்று மாமா சொன்னதும், ரப்பர் ஷீட்டில் என்ன வைத்தியம் என்று புரியாமலே கண்டக்டர் அடங்கிவிட்டார்.

ஆணி அடித்து நாலு சுவரிலும் தொங்கவிட்டோம். அந்த வாடை தெரிந்தவர்களுக்குத் தெரியும், புளித்த பாலும் புகையும் கலந்து தொண்டையில் போய் உட்காரும். சத்தத்தை அது குடிக்கவும் இல்லை, ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அக்கா பாட ஆரம்பித்தாள், இரண்டாவது வரியில் இருமல் பிடித்தது. நிற்கவே இல்லை. மூன்று நாள் தொண்டை கட்டிக்கொண்டது. இருந்ததே மூன்று வாரம், அதில் மூன்று நாளை நான் தின்றுவிட்டேன். ஷீட்டைப் பிடுங்கும்போது எனக்கு அழுகை முட்டியது. அக்காவோ சுக்குத் தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள். "டாக்டரு அறுக்கதுக்கு முன்ன நீ அறுத்துருவ போலுக்கலே!" சிரித்துச் சிரித்து அதற்கும் இருமினாள்.

அப்புறம் வீட்டில் இருந்த மெத்தை, ஜமுக்காளம், அம்மாவின் பழைய சேலை எல்லாம் சுவருக்குப் போயின. கம்ப்யூட்டரை அடுக்களைக்குத் தள்ளி வயரை மட்டும் இந்தப் பக்கம் இழுத்தேன். விசிறிச் சத்தம் பாதி குறைந்தது. ஆனால் சிற்பிகள் ஊரான மயிலாடியில் இருந்துகொண்டு அமைதிக்கு எங்கே போவது? பக்கத்துக் கொட்டகையில் விடிந்தால் உளிச் சத்தம்தான். போய்ச் சொன்னேன். மூத்த சிற்பி உளியைக் கீழே வைத்தார். "ஒரு மணிக்கு நாங்க சோறு உண்ண இருப்போம். மூணு மணி வரைக்கும் உளிய தொடமாட்டோம். தங்கச்சி பாடட்டு" என்றார். சொன்னபடியே செய்தார். பாதி முடிந்த பிள்ளையாருக்குப் பக்கத்தில் நாலைந்து பேர் தலைத் துணியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து எங்கள் ஞானப்பாட்டைக் கேட்டார்கள். இப்படியும் மனிதர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

ஏழு மத்தியானம். அக்கா பாடிக்கொண்டே மட்டும் இருக்க மாட்டாள். ஒரு பாட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவே பேச்சுதான். "யம்மா, வெந்நி கொண்டா" என்பாள். பல்லி கத்தினால், "அதுக்கும் சேத்து மைக்கு வச்சுக் குடு" என்பாள். அத்தானைப் போலப் பேசிக் காட்டுவாள். நான் எதையும் நிறுத்தவில்லை, நிறுத்தினால் மறுபடி தொடங்க அந்த மெஷினுக்கு நேரம் ஆகும். எல்லாம் பதிந்துகொண்டே இருந்தது.

ஒரு நாள் பாட்டு முடிந்தும் மைக்கின் முன்னாலேயே நின்றாள். "லே, இந்த சத்தம் போயிட்டுன்னா, போன்ல அவியளுக்கு என்னைய அடையாளம் தெரியுமா?" என்று கேட்டாள். தலையில் ஹெட்போன் மாட்டியிருந்தேன், எனக்கு நன்றாகவே கேட்டது. என் கண் சத்தத்தின் அளவைக் காட்டுகிற மீட்டரில் இருந்தது. "அக்கா, மைக்க விட்டு ஒரு சாண் தள்ளி நில்லு, செவப்புல போவுது" என்றேன். அவள் தள்ளி நின்றாள்.

ஆபரேஷனுக்கு அக்காவைக் கூட்டிப் போவதற்கு நாலு நாள் முன்பு பாட்டெல்லாம் முடிந்தது. நான் சுத்தம் செய்ய உட்கார்ந்தேன். அந்த விமான சாஃப்ட்வேரில் ஒரு வித்தை இருந்தது. வெறும் இரைச்சல் மட்டும் இருக்கிற ஓர் இடத்தைக் காட்டி இதுதான் இரைச்சல் என்று சொல்லிக் கொடுத்தால், பாட்டு முழுவதிலிருந்தும் அதைக் களைந்துவிடும். பைத்தியம் பிடித்துவிட்டது எனக்கு. அரிசியில் கல் பொறுக்குவது போலப் பொறுக்கினேன். விசிறிச் சத்தம், அம்மா கரண்டியைப் போட்ட சத்தம், அக்கா மூச்சு இழுக்கிற சத்தம், ஒன்றையும் விடவில்லை. வெட்டிய துண்டுகளை எல்லாம், நடுவே அக்கா பேசியதையும் சேர்த்து, வேஸ்ட் என்று பெயர் வைத்த ஒரு ஃபோல்டரில் போட்டேன். பாட்டுகளைச் சேர்த்து சிடியில் எழுதப் போகும்போது டிஸ்கில் இடம் இல்லை என்றது. இடம் வேண்டுமே, எதை எடுப்பது? வேஸ்டைத்தான் எடுப்பார்கள். அழித்தேன். நிச்சயமாகவா என்று அது ஒரு தடவை கேட்டது, நிச்சயம் என்றேன்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். குரல் ஒரு மாதம் வரவே இல்லை. வந்தபோது தடித்து, கரகரத்து, வேறு யாருடையதோ போல வந்தது. அந்த வெள்ளிக்கிழமை அக்காதான் போனை எடுத்தாள். "நாந்தான்" என்றாள். அந்தப் பக்கம் என்ன கேட்டார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. "சுகந்தியாக்கும்" என்று தன் பெயரைச் சொன்னாள். பிறகு ரிசீவரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

மஸ்கட்டுக்குப் போகிற ஒருவர் கையில் சிடியைக் கொடுத்து அனுப்பினேன். அத்தான் என் சென்டருக்கே போன் பண்ணினார். "பாட்டு எல்லாம் கொள்ளாம் மக்கா. ஒரு பாடு தடவ கேட்டாச்சு." பிறகு கேட்டார்: "அவ பேசுனது ஒண்ணும் இல்லியா? பாட்டுக்கு முன்ன, பொறவு, எதாம் ரெண்டு வார்த்த? சும்மா, சோறு உண்டியளான்னு கேக்கப்பட்ட மாதிரி?"

"இல்ல அத்தான், பாட்டு மட்டுந்தான் பிடிச்சேன்" என்றேன். அந்தப் பொய்யை இன்றுவரை அவரிடமோ அக்காவிடமோ நான் மாற்றிச் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.

அத்தான் வேலையை விட்டு ஊருக்கு வந்து, ஜெனி பிறந்து, வளர்ந்து, எல்லாம் ஆகிவிட்டது. அந்தக் கரகரத்த குரலில்தான் அக்கா அவரை அதட்டுகிறாள், அவரும் சந்தோஷமாக அடங்கியிருக்கிறார். கடவுள் குறை வைக்கவில்லை. கம்ப்யூட்டர் சென்டர் இருந்த இடத்தில் மொபைல் கடை வந்துவிட்டது. அந்த மெஷின் எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடக்கிறதோ. பாட்டுகள் மட்டும் ஜெனியின் போனில் இருக்கின்றன. "சுத்தமா இருக்கு மாமா, ஆனா ஆரோ வெளியூர்க்காரி பாடுத மாதிரி இருக்கு" என்று ஒருமுறை சொன்னாள். மூச்சைக்கூட விட்டு வைக்காதவன் நான், வேறு எப்படி இருக்கும்?

அவளுக்குப் பதில் எழுதினேன். ராம் பதினாறு போதும், தனி கார்டு வேண்டும், விசிறிச் சத்தம் இல்லாததாகப் பார், இடம் மட்டும் கூடுதலாக உள்ளதை எடு, பிடித்தது எதையும் அழிக்காதே. "ஓகே மாமா" என்று வந்தது.

அதன்பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். அந்த மூன்று வாரம் அக்கா பேசியது வார்த்தை பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. எழுதுவதற்காகக் கண்ணை மூடி, ஒவ்வொன்றாகக் காதுக்குள் கேட்டுக் கேட்டுத்தான் எழுதினேன். மேலே அவள் பேசியதாக வருகிற அத்தனையும் எனக்கு அவளுடைய இப்போதைய கரகரத்த குரலில்தான் கேட்டது. பழைய குரலில் ஒரு வார்த்தைகூட வரவில்லை.