இளவரசிக்கு முன்னால ஒரு பொன்னாடை

பிள்ளையள், எங்கட சங்கத்துக்கு இளவரசி வந்த அண்டு எடுத்த படத்தில உங்கட அப்பா நான் ஏன் இல்லை எண்டு கேட்டனீங்கள். சொல்லுறன்.

ரொறன்ரோவில எங்கட முதியோர் சங்கத்துக்குப் ஆக்களை ஏத்தி இறக்கப் புது வான் ஒண்டு அன்பளிப்புச் செய்தவருக்கு, இளவரசிக்கு முன்னால நான்தான் பொன்னாடை போர்த்த வேணுமெண்டு தலைவர் சொல்லியிருந்தார். ஆளைக் கண்டதும் அடையாளம் பிடிச்சிட்டன். கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போறனெண்டு காசு வாங்கி, எங்களை வழியில காட்டுக்குள்ள விட்டிட்டுப் போன ஏஜென்சிக்காரன் அவன். ஊரில என்ர அண்ணையின்ர வீட்டில வைச்சுத்தான் அந்தக் காசை வாங்கினவன்.

தலைவரைத் தனியக் கூப்பிட்டு எல்லாத்தையும் சொன்னன்.

"இளவரசியே அவருக்குப் பக்கத்தில நிக்கப்போறா. இனி ஆர் கேக்கிறது? வானில ஏறுற கிழவியள் காசு எங்கால வந்ததெண்டு பாக்கினமே?" எண்டார்.

"நான் போர்த்தமாட்டன், தலைவர்."

"இளவரசி கடிக்கமாட்டா, பயப்பிடாதையும்" எண்டு சிரிச்சார்.

எங்களையே பாத்துக்கொண்டு நிண்ட ஏஜென்சிக்காரன் கிட்ட வந்தான். "தம்பி, உம்மட அண்ணர் ஊரில இப்பவும் அதே வீட்டிலதானே?" எண்டு மெல்லமாக் கேட்டான். நான் பொன்னாடையை மேசையில வைச்சிட்டு விலகினன்.

வேற ஒருவர் போர்த்தினார். எல்லாரும் கை தட்டிச்சினம்.

படம் எடுக்க முதலே நான் வெளியில போய், காருக்குள்ள தனிய இருந்து அண்ணைக்குப் போன் எடுத்தன். கதவை வடிவாப் பூட்டிப்போட்டுப் படுங்கோ எண்டு மட்டும் சொன்னன்.