‘போறன்’ என்றொரு வசனம்

போன ஞாயிற்றுக்கிழமை மகள் பல்கலைக்கழக விடுதிக்குத் திரும்பினாள். வழக்கமாக ‘பாய் அப்பா’ என்றொரு சத்தம், கதவு அடிபடும் சத்தம், அவ்வளவுதான். அன்றைக்கு என்ன நினைத்தாளோ, காலில் சப்பாத்தை மாட்டிக்கொண்டே எனக்காகத் தமிழில் சொன்னாள்: “அப்பா, நான் போறன்.”

நான் வாசலுக்கு ஓடிவந்தேன். “ஐயோ பிள்ளை, அப்பிடிச் சொல்லாத. போட்டு வாறன் எண்டு சொல்லு.”

“வாட்ஸ் த டிபரன்ஸ், அப்பா?”

நல்ல கேள்விதான். போய்விட்டு வருகிறேன் என்பதுதான் எங்கள் ஊர் வாயில் ‘போட்டு வாறன்’. பதில் சொல்ல ஒரு மணித்தியாலம் வேண்டும், அவளுடைய ரயிலோ அதுவரை நிற்காது. அவளுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். உங்களுக்கு ரயில் ஒன்றும் இல்லைத்தானே.

எங்கள் வீட்டுக் கதவு பிளாஸ்டிக். அதற்கு ஒரு வாசமும் கிடையாது. ஆனாலும் அந்தச் சொல்லைக் கேட்டதும் பழைய பச்சைப் பெயின்டின் வாசமும் மழையில் ஊறிய மரத்தின் வாசமும் மூக்கில் ஏறின. அது, நான் லண்டனுக்கு வந்த புதிதில் பழகிய குலம் அண்ணையின் நாடகக் கதவு. அவர் பகலில் மினிகாப் டாக்சி ஓட்டினார், மிச்ச நேரமெல்லாம் நாடகம் ஓட்டினார். ஊரில் பாட்டும் கூத்துமாக வளர்ந்த மனிதர், இங்கே வந்து ஐரோப்பிய நாடகங்களைப் பார்த்துப் படித்து யதார்த்தப் பைத்தியம் பிடித்துப்போனார். ஆரைக் கண்டாலும் பிரசங்கம்தான்.

“ஐரோப்பாவிலை என்ன நடந்தது தெரியுமே? மேடையிலை இருந்து ராசாக்களை இறக்கிப்போட்டு எங்களைமாதிரி வீட்டுக்காரரை ஏத்தினாங்கள். பாட்டை விட்டிட்டு, வீட்டிலை கதைக்கிறமாதிரிக் கதைச்சாங்கள். சனம் தன்ரை வீட்டைத் தானே பாத்துத் திடுக்கிட்டுப் போச்சு!”

அந்தத் திடுக்கிடலை லண்டன் தமிழ்ச் சனத்துக்கும் கொடுத்தே தீருவதென்று தானே ஒரு நாடகம் எழுதினார். கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு வீடு, புருசன், பெண்சாதி. கடைசிக் காட்சியில் அவள் அவனை விட்டு ஒரேயடியாகப் போகிறாள். அவ்வளவுதான் கதை. சண்டையில்லை, பாட்டில்லை, கடவுளும் வரமாட்டார்.

எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. மேடையில் உண்மையான பருப்புக் கறி கொதித்தது. முன்வரிசைக்காரருக்கு நாடகம் விளங்காவிட்டாலும் பசித்திருக்கும். புருசனாக நடித்தவர் ஊரில் ராசா வேடம் கட்டியவர். தேத்தண்ணி கேட்டாலும் போர்க்களத்தில் வாள் கேட்பதுபோல்தான் கேட்பார். குலம் அண்ணை தலையிலே கைவைப்பார்.

கதவும் உண்மையாக வேண்டுமாம். கோலியர்ஸ் வுட்டில் ஒருவர் வீட்டுக்கு பிளாஸ்டிக் கதவு போடுகிறார் என்று கேள்விப்பட்டு, கழற்றின மரக்கதவைக் கேட்டு வாங்கினார். நானும் அவருமாக அவருடைய காருக்கு மேலே கதவை ஏற்றிக் கயிற்றை யன்னல்களுக்குள்ளால் விட்டு இறுக்கிக் கட்டினோம். கட்டி முடித்தபிறகுதான் தெரிந்தது, காரின் நாலு கதவையும் சேர்த்துக் கட்டிவிட்டோம். யன்னலுக்குள்ளால் தலையை நுழைத்துத்தான் உள்ளே இறங்கினோம். நாடகம் போடவிருந்த செவன் கிங்ஸ் மண்டபத்துக்குப் போய்ச் சேரும்வரைக்கும் யதார்த்தம் எங்கள் தலைக்குமேலே கிடந்து ஆடியது.

எனக்கு நடிப்பு வராது. ஒரேயொரு வசனம் தந்து பார்த்தார்கள், ஒத்திகையிலேயே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அந்தக் கதவோ சரியான பாரம், மட்டைச் சுவரில் தானாக நிற்காது. ஆகவே பின்னால் நின்று நிலையோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்தது. பெற்றோல் ஸ்டேஷனில் ஷிப்ட் முடித்துவிட்டு ஓடிவந்து கதவு பிடிப்பேன்.

பெண்சாதியாக நடித்தவர் வதனி அக்கா. பிளேஸ்டோவில் ஒரு அறையில் தனியாக இருந்தார், அகதிக் கேஸ் இழுபட்டுக்கொண்டிருந்த காலம். குரலை உயர்த்தாமலே மண்டபத்தை அமைதியாக்கிவிடுவார். எல்லா வசனமும் அவருக்கு வரும், கடைசி வசனத்தைத் தவிர. “எங்கை வெளிக்கிடுறாய்?” என்று புருசன் கேட்பார். அக்கா “போறன்” என்று சொல்லிக் கதவைத் திறக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் “போட்டு வாறன்” என்றுதான் வாயில் வரும்.

“பிள்ளை, நீர் கடைக்கே போறீர்? புருசனை விட்டிட்டல்லே போறீர்! திரும்பி வரமாட்டீர்!” என்று ஒருநாள் குலம் அண்ணை கத்தினார்.

“வாயிலை வருகுதில்லை அண்ணை. போறன் எண்டு சொல்லிக்கொண்டு ஆர் வீட்டாலை வெளிக்கிடுறது? உண்மையா நடி எண்டு நீங்கள்தானே சொன்னியள். எங்கடை பொம்பிளை ஒருத்தி உண்மையா விட்டிட்டுப் போனாலும் போட்டு வாறன் எண்டுதான் சொல்லுவள்.”

குலம் அண்ணை கனநேரம் தலையைச் சொறிந்தார். “உதுவும் சரிதான்,” என்றார். “ஆனால் நாடகம் முடியாதே.” அன்றைக்கு மண்டபத்தைப் பூட்டிக்கொண்டு அவர் எங்களிடம் சொன்னதும் ‘போட்டு வாறன்’தான். விழுந்து விழுந்து சிரித்தோம்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ரயிலில் சொன்னார். ஊரில் தாய் தனியாக இருக்கிறா, சிறுநீரகம் பழுது. “வீட்டுப் படலையடியிலை நிண்டு போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். போனிலை ஒவ்வொருக்காலும் எப்ப வாறாய் எண்டு கேக்கிறா. வாறன் வாறன் எண்டு சொல்லுறன். கேஸ் முடியாமல் எப்பிடிப் போறது? அந்தச் சொல்லு இன்னும் அந்தரத்திலை நிக்குது. இதுக்குள்ளை போறன் எண்டு வாயாலை சொல்ல எனக்குப் பயமாக் கிடக்கு.”

நான் “எல்லாம் சரிவரும் அக்கா” என்றேன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த ஒரே ஆறுதல் அதுதான். பஸ்ஸைத் தவறவிட்டவனுக்கும் அதையேதான் சொல்வேன்.

சரிவரவில்லை. சனிக்கிழமை நாடகம், அதற்கு முதல் புதன்கிழமை அக்காவின் தாய் செத்துப்போனா. நிறுத்திவிடுவோம் என்றார் குலம் அண்ணை. அக்காவின் கண் வீங்கியிருந்தது. “ஊருக்குத்தான் போகேலாது. மண்டபத்துக்கு எண்டாலும் வாறன்,” என்றார். செத்தவீட்டுத் துடக்கோடு, அந்தத் தீட்டோடு மேடை ஏறுவதா என்று சிலர் முணுமுணுத்தார்கள்.

மண்டபம் நிறையச் சனம். பருப்பு வாசம். நான் கதவுக்குப் பின்னால். கடைசிக் காட்சி வந்தது. “எங்கை வெளிக்கிடுறாய்?” என்று ராசா வேடக்காரர், தன் ஆயுளிலேயே முதல்முறையாக, சாதாரண மனிதராய்க் கேட்டார். காலடிகள் கதவடிக்கு வந்தன. பிறகு அக்கா தெளிவாகச் சொன்னார்: “போறன்.”

மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு அம்மா பதறிப்போய்ச் சத்தம்போட்டா: “ஐயோ பிள்ளை, அப்பிடிச் சொல்லாத! போட்டு வாறன் எண்டு சொல்லு!”

ஒருவரும் சிரிக்கவில்லை. கைபிடி பாதியில் நின்றது, மரத்தின் அந்தப் பக்கத்து நடுக்கம் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு கதவு திறந்தது. அக்கா வெளியே வந்து, என் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார்.

“ஆரிட்டையடா இனித் திரும்பி வாறது?” என்றார்.

உள்ளே சனம் கைதட்டிக்கொண்டேயிருந்தது. குலம் அண்ணை ஓரத்தில் நின்று அழுதார், வெற்றி என்று நினைத்தாரோ என்னவோ. அக்கா என் காலடியில் குலுங்கிக் குலுங்கி அழுதார். தலையைத் தடவவேண்டும், தோளையாவது தொடவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. கையை எடுத்தால் கதவு போய்ப் புருசன்காரரின் தலையில் விழும். திரை மூடும்வரை பிடித்துக்கொண்டே நின்றேன்.

அதற்குப் பிறகு குழு கலைந்தது. வதனி அக்காவின் கேஸ் வென்றது, பாஸ்போர்ட்டும் வந்தது, அவர் ஊருக்குப் போகவேயில்லை. குலம் அண்ணை இப்போது ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார், என்னைக் கண்டால் டாக்சிக்குக் காத்திருக்கும் ஆள் என்று நினைத்து எங்கே இறக்கவேண்டும் என்று கேட்கிறார். மண்டபத்தை இடித்து ஃபிளாட் கட்டிவிட்டார்கள். கதவைக் கவுன்சில் குப்பைமேட்டில் நாங்களே கொண்டுபோய்ப் போட்டோம். மூன்றாம் வரிசை அம்மா யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. முன்பின் தெரியாத ஒருத்தி நாடகத்துக்குள்கூடத் திரும்பி வராமல் போய்விடக்கூடாதென்று பதறுகிற அந்தச் சனமும் இப்போது இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மகள் என் பதிலுக்குக் கொஞ்சம் நின்றாள். நேரத்தைப் பார்த்தாள், “லேட் ஆகுது, அப்பா” என்று பெட்டியை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். எங்கள் கதவு தானாகவே நிற்கும், ஒருவரும் பிடிக்கத் தேவையில்லை. நான் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.