வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

சாவிக்கடை போட வாங்கிய நாற்பதாயிரத்தைப் பூட்டுக்காரர் தன் மச்சானுக்கு இன்னும் திருப்பித் தரவில்லை. மனைவியின் அண்ணன் என்பதால் அவர் பத்திரம் கேட்கவில்லை. அவ்வப்போது கடைக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவார். அந்த டீக்கு என்ன அர்த்தம் என்று பூட்டுக்காரருக்குத் தெரியும்.

கையெழுத்துக்கு மேல் படிக்காதவர்தான். ஆனால் அவர் கைக்கு மசியாத பூட்டு அந்த நகரத்தில் கிடையாது. அரசாங்கமே அவரைத்தான் தேடி வந்தது.

புதுச் சட்டம் வந்திருந்தது. வெளியூரிலிருந்து பிழைக்க வந்தவர்களின் விடுதிகளை இரவில் வெளியிலிருந்து பூட்டவேண்டும். அந்தப் பூட்டுகளை மாட்டும் கூலியில் கடனை அடைத்து மிச்சமும் நிற்கும். ஒப்புக்கொண்டுதான் போனார். எந்தப் பூட்டை மாட்டினாலும், தானே உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொல்லி, திறக்க வருகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம். பழக்க தோஷத்தில் அன்றும் உள்ளே போனார். தாழ்ப்பாள் விழுந்தது. ஜன்னலெல்லாம் கம்பி, நெருக்கி விரித்த பாய்கள், மூலையில் எரிகிற ஸ்டவ். தள்ளிப் பார்த்தார், கதவு அசையவில்லை. தட்டித் திறக்கச் சொல்லி வெளியே வந்தவர், மாட்டியதைக் கழற்றிப் பையில் போட்டார்.

வேலையை மறுத்தால் லைசென்ஸ் போய்விடும். மச்சான் ஓடி வந்தார்.

"சட்டத்தை நீங்களா போட்டீங்க மாப்ளே? திருகைத் தளர்த்தி விட்டுட்டு வாங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"தெரியணும் மச்சான். ஒளிச்சுச் செஞ்சா, சட்டம் சரி, நான்தான் திருடன்னு ஆயிரும்."

நீதிமன்றத்திலும் அவர் நோய் நொடி என்று சாக்குச் சொல்லவில்லை. சட்டம் தெரியும், தெரிந்தேதான் மீறினேன், தண்டனையை வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒரு மாதம் சிறை, லைசென்ஸும் ரத்து. விடுதிகளுக்கு வேறொருவர் பூட்டு மாட்டினார். கூப்பிட்டவர்களில் இரண்டு பூட்டுக்காரர்கள் மட்டும் அந்த வேலைக்கு வர மறுத்தார்கள்.

சிறையிலிருந்து வெளியே வந்ததும் சாவி வெட்டும் மிஷினை விற்றார். நேராக மச்சான் வீட்டுக்குப் போனார்.

"இப்ப யாரு கேட்டா? வச்சுக்குங்க மாப்ளே," என்றார் மச்சான், முகத்தைப் பார்க்காமல்.

"கையை நீட்டுங்க."

மச்சான் தயங்கித் தயங்கி நீட்டினார். பூட்டுக்காரர் எச்சில் தொட்டு, ஒவ்வொரு நோட்டாக அந்த உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.