ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

கலியாணம் முடிந்து லண்டனுக்குத் திரும்பிப் போன என் கணவர், என்னைத் தன்னிடம் கூப்பிட்டுக்கொள்ள ஒரேயொரு தடைதான் இருக்கிறது என்றார். விசாவுக்கு முன் நான் இங்கிலீஷ் சோதனை ஒன்றில் பாஸ் பண்ண வேண்டும். அதில் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் சொற்களைக் காட்டி எது என்ன என்று கேட்பார்களாம். நம் ஆட்கள் விழுவதெல்லாம் அந்த இடத்தில்தானாம். நான் நம்பினேன். லண்டனில் இருப்பவர் சொல்வதைக் களுதாவளையில் தையல் மெஷினுக்கு முன்னால் இருப்பவள் எதை வைத்து நம்பாமல் இருப்பது?

தானே என்னைத் தயார்படுத்துவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரம். எங்களுக்குச் சாயங்காலம், அப்பா வெற்றிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நேரம். போனைத் தையல் மெஷினில் சாய்த்து வைத்துவிட்டு முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு இருப்பேன். திரையில் அவர் மட்டும் வருவார் என்று முதல் நாள் நினைத்தேன். சோபாவில் கூட்டாளிமார் வரிசையாக இருந்தார்கள். எல்லோர் மடியிலும் சோற்றுக் கோப்பை. அவர் ஒரு தாளைத் தூக்கிப் பிடித்தார். அதில் பெரிய எழுத்தில் இரண்டு சொற்கள். ஒரு தாள் முழுவதும் பிழையில்லாமல் சொன்னால் சோதனைக்குப் பதிவேன், அதுவரை பதிய மாட்டேன் என்பது அவருடைய சட்டம்.

முதல் சோடியே என்னைக் கவிழ்த்தது. ஒரு எஸ் போட்டால் பாலைவனம், இரண்டு எஸ் போட்டால் சாப்பாட்டுக்குப் பின் உண்ணும் இனிப்பு. நான் இரண்டையுமே கண்டதில்லை. எங்களுக்குப் பாலைவனமும் இல்லை, இனிப்புக்கென்று சாப்பாட்டுக்குப் பின் தனியாக ஒரு நேரமும் இல்லை. வசனம் ஒன்று சொல்லச் சொன்னார். திருவிழாவுக்கு அம்மா பாயாசம் காய்ச்சுவா என்று சொல்லப் போய், அம்மா பாலைவனம் காய்ச்சுவா என்று சொல்லிவிட்டேன். சோபா முழுவதும் சிரித்தது. ஒருவருக்குச் சோறு புரைக்கேறியது. முதலில் சிரித்தவர் என் கணவர்தான். அன்றைக்கு அவர்கள் எனக்கு வைத்த பெயர் பாலைவனம். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் போனை எடுத்தால் முதலில் கேட்பது, பாலைவனம் வந்திட்டுதா என்ற குரல்தான்.

எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம் வந்தது. அம்மாவிடம் சொன்னேன். ஆம்புளைகள் கூடினால் சிரிப்பார்கள், அதையெல்லாம் பெரிதாக எடுக்காதே, கெதியாகப் படித்து முடி என்றார். அம்மாவுக்கு நான் லண்டன் போனால் சரி, எப்படிப் போனாலும் சரி.

ஆகவே படித்தேன். என் வழியில் படித்தேன். இங்கிலீஷ் எழுத்து ஈயும் நம் ஈயும் காதுக்கு ஒன்றுதான். எழுதுபொருளுக்கும், நின்றது நின்றபடி இருப்பதற்கும் இங்கிலீஷில் ஸ்டேஷனரி என்று ஒரே ஓசை, ஒரே உருவம். ஓர் எழுத்துத்தான் வேறு. எங்கள் சந்தியில் கொப்பி பேனை விற்கும் கடைக்குப் பக்கத்தில் மீன் விற்பார்கள், கடை முழுக்க ஈ. ஈ இருந்தால் கொப்பி பேனை, ஈ இல்லாவிட்டால் அசையாமல் நிற்பது. தீர்ந்தது. குவயட் என்ற அமைதிக்கும் குவைட் என்ற மிகவும் என்பதற்கும் உள்ள வித்தியாசத்தையும் இப்படித்தான் பிடித்தேன். ஈ முந்தி டீ பிந்தினால் அமைதி. டீயை ஊற்றியபின் ஈ வந்து விழுந்தால் மிகவும். பால் பண்ணைக்கும் நாட்குறிப்புக்கும், தேவதைக்கும் கோணத்துக்கும், புத்தி சொல்வதற்கும் சொன்ன புத்திக்கும் எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்று கண்டுபிடித்தேன். பிளவுஸ் வெட்டும்போதும் வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பேரின் கை அளவை மாற்றித் தைத்து ஏச்சும் வாங்கினேன்.

நான் சரியாகச் சொல்லத் தொடங்கியதும் சோபாவுக்கு அலுத்துவிட்டது. சிலர் எழும்பிப் போனார்கள். என் கணவர் விடவில்லை. தாளைத் தலைகீழாகப் பிடித்தார். ஆட்டிக் காட்டினார். ஒரு நாள் தாள் முழுவதையும் பிழையில்லாமல் சொல்லி முடித்தேன். கடைசிச் சொல்லுக்கு விளக்கத்தைத் தமிழில் சொன்னாய், அது கணக்கில் வராது என்றார். அடுத்த தாளில் இங்கிலீஷிலேயே சொன்னேன். உச்சரிப்புச் சரியில்லை என்றார். கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு, அதற்குப் பின்னால் இன்னொன்று. திறப்பெல்லாம் அவர் சட்டைப் பையில்.

அப்போதுதான் நானே பதிவது என்று முடிவெடுத்தேன். தைத்துச் சேர்த்த காசு கையில் இருந்தது. கல்முனையில் ஒரு கணினிக் கடையில் போய்ப் பதிந்துவிட்டு, வீட்டில் அப்பாவுக்கு மட்டும் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல் என்னுடன் கொழும்புக்கு ரயில் ஏறினார்.

சோதனை அறையில் எனக்குப் பக்கத்தில் இன்னொரு பெண்ணையும் இருத்தினார்கள். அவளும் புருசனிடம் போகக் காத்திருப்பவள்தான். முன்னால் ஓர் அம்மணி. மேசையில் தாள் இல்லை, பேனை இல்லை. நான் தாள் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவேயில்லை. உங்கள் ஊர் எப்படி என்று கேட்டார். வாவியைப் பற்றியும் கடலைப் பற்றியும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கணவருடன் போனில் பேசுவேன் என்றேன். மிகவும் நல்லது என்று சிரித்தார். பிறகு பக்கத்துப் பெண்ணும் நானும் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. ஒலிநாடாவில் எதையோ கேட்டு விடை சொன்னோம். முடிந்துவிட்டது, போகலாம் என்றார்கள்.

அந்தச் சோதனையில் எழுத்தே கிடையாது. வாயும் காதும்தான். ஒரே மாதிரி எழுதப்படும் சொற்களுக்கு அங்கே வேலையே இல்லை. வெளியே மரத்துக்குக் கீழே நின்ற அப்பா, கஷ்டமா என்று கேட்டார். இல்லையென்று தலையாட்டினேன். ரயிலில் வரும் வழியெல்லாம் என் தலைக்குள் அந்த ஈக்கள் சும்மா பறந்துகொண்டிருந்தன. என் கணவர் ஒரு வருசத்தை என்னிடமிருந்து எடுத்து, கூட்டாளிமாருக்குச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளக் கொடுத்திருக்கிறார்.

ஆனாலும் எனக்கு ஒரு நப்பாசை. அவருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம் அல்லவா? பாஸ் என்று முடிவு வந்த அடுத்த ஞாயிறு, அவர் தாளைத் தூக்குவதற்கு முன் நான் என் சோதனை முடிவுத் தாளைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன். சோபாவில் இருந்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்தார். “உந்தச் சோதனையைத்தானே என்ர மனிசியும் செய்தவ. சும்மா கதைக்கிறதுதானே. இவன் உம்மட்டச் சொல்லேல்லையோ?” என்றார்.

என் கணவர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

“ஆரக் கேட்டுப் போன நீ?”

சந்தோசம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. அந்த ஒரு கேள்விதான். பாஸ் பண்ணின மனைவி அவருக்குத் தேவையாக இருக்கவில்லை. படித்துக்கொண்டே இருக்கும் மனைவிதான் வசதி. சோபாவில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை அழைப்பு நின்றது. விசாவுக்கு எழுதவுமில்லை. எப்போதாவது பேசினால் அறை சின்னது என்றார், சம்பளம் காணாது என்றார், பிறகு பார்ப்போம் என்றார். தன் தாய்க்கு வேறு கதை சொல்லியிருந்தார். இவளுக்கு இங்கிலீஷ் ஏறுகுதில்லை, நான் என்ன செய்ய என்று. மாமி அதைக் கோயில் வீதியில் வைத்து எல்லோருக்கும் சொல்லிக் கவலைப்பட்டார். பிளவுஸ் தைக்க வரும் பெண்கள் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். மண்டைக்குள் ஏறாட்டி என்ன மகள், எல்லாருக்கும் வருமா என்றார்கள். என் அம்மா மட்டும், வாயைத் திறந்து புருசனை மானங்கெடுத்திவிடாதே என்றார். நான் திறக்கவில்லை. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு அளவெடுத்தேன்.

ஆனியில் பிள்ளையார் கோயில் திருவிழாவுக்கு அவர் வந்தார். ஒரு வான் வண்டியில் பெரிய பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார். அவரைப் பார்க்க மாமியும், என் கணவருடைய அக்காவான மச்சாளும், மச்சாளின் புருசனும் வந்தார்கள். எல்லோருக்கும் சொக்லேட் கொடுத்தார். அம்மா கணவாய்க் கறி வைத்திருந்தார். சாப்பிட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, எல்லோரையும் சிரிக்கவைக்கத் தொடங்கினார். அம்மா பாலைவனம் காய்ச்சிய கதை. நன்றாகத்தான் சொன்னார். பல தடவை சொல்லிப் பழகிய கதை என்பது தெரிந்தது. என் அம்மாவும் சேர்ந்து சிரித்தார். இவ இன்னும் நாலு சொல்லைப் பிரிச்சறியப் படிக்கோணும் என்று முடித்தார்.

“நான் போன தையிலயே பாஸ் பண்ணிட்டன் மாமி. இவருக்குத் தெரியும்” என்றேன்.

அம்மா என் கையைக் கிள்ளினார். மாமி மகனைப் பார்த்தார். அந்தப் பாஸ் காணாது, வேறொன்று இருக்கு என்று அவர் தொடங்கினார். வேறொன்றும் இல்லையென்று உங்கள் கூட்டாளியே சொன்னார் என்றேன். மச்சாள், அப்போது எங்களிடம் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார். அவர் தண்ணீரை எடுத்துக் குடித்தார். அந்தத் தண்ணீர் தொண்டையில் இறங்குவதைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று சொன்னால் என்னைப் பேய் என்பீர்கள். சந்தோசமாகத்தான் இருந்தது.

பெட்டி இன்னும் முன்னறையிலேயே கிடந்தது. அதைத் தள்ளிக்கொண்டு போய் வாசலில் வைத்தேன்.

“இந்த வீட்டில நீங்க நிக்க வேணாம்.”

அவர் சிரித்தார். “அப்ப நான் எங்க போற?” என்றார்.

பகிடிக்குத்தான் கேட்டார். கேட்டபின்தான் அவருக்கே விளங்கியது. எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்ணின் வீட்டுக்கு வந்து இருப்பான். வீடும் வளவும் மகளின் பேரில் எழுதப்படும். இந்த வீடு என் பேரில். அவர் பிறந்து வளர்ந்த வீடு சீதனமாக மச்சாளின் பேரில். மகனை வா என்று கூப்பிட மாமிக்குச் சொந்தமாக ஒரு வாசற்படிகூட இல்லை. மாமி மச்சாளைப் பார்த்தார். மச்சாள் தன் புருசனைப் பார்த்தார்.

மச்சாளின் புருசன் வாயிலிருந்த சொக்லேட்டை மென்று விழுங்கினார்.

“ரெண்டு நாளைக்கெண்டா பரவால்ல தம்பி” என்றார்.

என் கணவர் வந்திருந்தது ஒரு மாத லீவில்.