இருபது எண்ணி எடுத்த போன்

மேட்டூர் அணையைத் தாமதமாகத் திறந்த வருடம் அது. நான் கூத்தாநல்லூரில் ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அவர் தம்பியான சாச்சா, கல்யாணமான நாற்பதாம் நாள் சவுதிக்குப் போயிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் ஜும்மா தொழுகைக்குப் பிறகு, எங்களோடு இருந்த தன் மனைவியான சாச்சியின் செல்போனுக்குக் கூப்பிடுவார். கூடத்தில் ஸ்பீக்கரைப் போட்டு வீடே பேசும். கடைசியில் சாச்சியின் முறை வரும்போது எல்லோரும் அவள் வாயையே பார்ப்பார்கள். "நல்லாருக்கேன். நீங்க சாப்பிட்டீங்களா?" அதற்குமேல் அவள் பேசி நான் கேட்டதில்லை.

அதனால்தான் சாச்சி காலர் டியூன் வைத்தாள். தோழியைக் கூப்பிட்டபோது காதில் விழுந்த பாட்டு அது. ஸ்டார் பட்டனை அழுத்தித் தனக்கும் வாங்கிக்கொண்டாள். உன்னிடம் சொல்ல வைத்திருந்ததையெல்லாம் சுவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு பெண் பாடுவாள். கூப்பிடுகிறவருக்குத்தான் அது கேட்கும். எங்கள் பக்கம் வெறும் மணிதான்.

"முதல்ல மியூசிக்தான்டி வரும். இருபது எண்ணிட்டு எடு, அதுக்குள்ள அந்த வரி வந்துடும்" என்றாள் என்னிடம்.

ஒழுங்காக எண்ணினேன். "ஏய், செவிடா நீ? போனை எடுடி!" என்று அம்மா கத்தினாலும் பதினெட்டில் எடுத்ததில்லை. அடுப்படி வாசலில் நிற்கும் சாச்சியின் உதடு மெல்ல அசையும். காலண்டர் கட்டத்தில் டிக் போட்டும் வைத்தேன்: ஒன்பது வெள்ளிக்கிழமைகள்.

பத்தாவது வெள்ளிக்கிழமை சாச்சா எரிந்து விழுந்தார். "போனை எடுக்க இவ்வளவு நேரமா? டிரிங் டிரிங்னு கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு."

"பாட்டு கேக்கலையா சாச்சா?" என்றேன்.

"என்ன பாட்டு? இங்கேருந்து அடிச்சா மணிச் சத்தம்தான் கேக்கும்."

கூடமே சிரித்தது. "ஓஹோ, புருஷனுக்குப் பாட்டு வச்சிருக்காங்களாம்ல!" என்று அத்தாவின் அக்கா சாச்சியின் கன்னத்தில் இடித்தார். சாச்சியும் சிரித்தாள். அன்று அவள் முறை வந்தபோதும் சாப்பிட்டீங்களா என்றுதான் கேட்டாள்.

"இனிமே உடனே எடுத்துடு" என்றாள் பிறகு. எண்ணுகிற வேலை ஒழிந்ததில் எனக்குச் சந்தோஷம்.

மறுநாள் மதியம் அத்தாவின் போனை வாங்கி வரச் சொன்னாள். அதிலிருந்து தன் நம்பருக்கே அடித்தாள். கட்டிலில் அவளுடைய போன் மணியடித்துக்கொண்டே கிடந்தது. அவளோ அத்தாவின் போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மணி நின்றதும் மறுபடி அடித்தாள். அது நின்றதும் மறுபடி.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது, எதற்கு வாங்கினாள் என்று அத்தா கேட்டார்.

"சாச்சி போன் ரிப்பேர் போல, அத்தா. அடிச்சு அடிச்சுப் பாத்தாங்க. யாருமே எடுக்கல."