குசினிச் சுவரில் ஐந்து மணிகள்

எழுபதுகளில் நாங்கள் சிட்னியில் வாடகைக்கு இருந்த மாடிவீடு விக்டோரியா மகாராணி காலத்தது. குசினிச் சுவரின் உச்சியில் சுருள்வில்லில் தொங்கியபடி ஐந்து பித்தளை மணிகள். மேலே ஒவ்வோர் அறையிலும் ஒரு பீங்கான் கைப்பிடி. அதை இழுத்தால் சுவருக்குள் ஓடும் கம்பி கீழே அந்த அறைக்குரிய மணியை ஆட்டும். அந்தக் காலத்துச் சீமாட்டிகள் வேலைக்காரியை அப்படித்தான் அழைத்தார்களாம். சத்தம் ஓய்ந்த பிறகும் வில் சற்று நேரம் நடுங்கும், எந்த அறை என்று அவள் பார்த்துத் தெரிந்துகொள்ள.

எனக்கு ஆறு வயதானபோது அம்மா பிள்ளைத்தாய்ச்சி. அதற்கு முன் இரண்டு தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தார். இம்முறை பிள்ளை பிறக்கும்வரை கட்டிலைவிட்டு இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா லீவு எடுத்தார். தையல் மெஷின் எண்ணெய் விட்டு, அறுந்த கம்பியை முடிந்து, அம்மாவின் அறை மணியை மட்டும் பேசவைத்தார். பிறகு சமைக்கத் தொடங்கினார்.

"ஊரில தண்ணிச் செம்பையும் நான்தான் கையில குடுக்கோணும். இப்ப மணியடிச்சா ஓடி வருது மனுசன்!" என்று அம்மா படுத்தபடியே சிரிப்பார்.

எனக்கு அதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடைத்ததில்லை. அம்மா கண்ணயர்ந்ததும் கைப்பிடியை இழுப்பேன். கீழே அகப்பை விழும். படிகளை இரண்டிரண்டாகத் தாவி, கையெல்லாம் மாவோடு அப்பா வாசலில் வந்து நிற்பார்.

"ஆர் அடிச்சது?"

"நான்தான்."

அப்படியே தரையில் குந்தி, கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பார். ஒருநாளும் ஏசியதில்லை. போன கிழமை என் மகன் பஸ்ஸில் நித்திரையாகி, மூன்று மணி நேரம் பிந்தி வீட்டுக்கு வந்தபோது எனக்கும் ஏச வாய் வரவில்லை. அந்தச் சிரிப்புத்தான் வந்தது. அப்படியே வாசற்படியில் குந்திவிட்டேன்.

ஒருநாள் நான் அப்பாவின் பக்கத்தில் நிற்கும்போதே மணி அடித்தது. அப்பா என்னைப் பார்த்தார். மறுகணம் படியில் இருந்தார். நானும் பின்னால் ஓடினேன்.

"இஞ்சரும், என்ன செய்யுது உமக்கு?"

"ஒண்டுமில்லை. அந்தத் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்திலை ஒருக்கா எடுத்துத் தாங்கோ."

அப்பா தரையில் விழுந்து சிரித்தார். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கை பிறக்க இன்னும் ஆறு கிழமை இருந்தது.

நான் மட்டும் கதவருகே முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றேன். அப்பாவை என்னைவிட நன்றாகச் சிரிக்கவைக்க அம்மாவும் பழகிவிட்டாரே என்று எனக்கு ஒரே பொறாமை.