வலது காதுக்கு வந்த ஆள்

இரண்டு வருடம் முன்பு, பொங்கல் சமயம், பாகூர் பக்கம் எங்கள் ஊரில் நடந்தது. கபடி, உறியடியோடு போன் கேம் போட்டியும் வைப்பார்கள்.

எனக்கு வலது காது கேட்காது. சின்ன வயதில் சீழ் பிடித்துப் போனது. வெளியே சொல்ல மாட்டேன்.

அந்த கேமில் ஓர் இருட்டுப் பங்களா. உள்ளே இரண்டு பேர். முதலில் சுடுகிறவனுக்கு வெற்றி. திரையில் அதிகம் தெரியாது. எல்லாம் ஹெட்போனில்தான். எதிராளி நெருங்க நெருங்க இசை மாறும். மெல்லிசாக இருந்தது மேளமாகும். காலடி எந்தக் காதில் கேட்கிறதோ, ஆள் அந்தப் பக்கம். எனக்கு மேளம் கேட்கும், பக்கம் தெரியாது. அதற்கு முந்தைய பொங்கலில் முதல் ஆட்டத்திலேயே தோற்றேன். "பக்கத்துல வந்து நின்னாலும் தெரியல, செவிட்டு மாடு" என்று சிரித்தார்கள். அவர்கள் முன்னால் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது.

ஒருநாள் வீட்டில் ஆடும்போது, அப்படி இன்னாதான் கேக்குற என்று என் மனைவி வந்து உட்கார்ந்தாள். ஹெட்போன் வயரின் வலது முனை சும்மா தொங்கியது. எடுத்துத் தன் காதில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் முழங்கையால் இடித்தாள்.

"இந்தாண்ட எவனோ நடக்குறான்யா."

திரும்பிச் சுட்டேன். விழுந்தான்.

பிறகு தினமும் அப்படியே ஆடினோம்.

போட்டியன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்ததும், எதற்கு என்று கேட்டார்கள். இந்தக் காது கேட்காது என்று எல்லார் முன்பும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. முந்தைய தடவை ஜெயித்த டிராக்டர் டிரைவர்தான், "உட்காரட்டும்பா, அக்கா இன்னா போனையா புடுங்கப் போவுது" என்றார்.

கடைசி ஆட்டம் அவரோடுதான் வந்தது. மேளம் உச்சத்துக்குப் போனது. காலடியே இல்லை. சத்தமில்லாமல் பதுங்கி நகர்கிறார். மனைவி கண்ணை மூடியிருந்தாள். திடீரென்று முழங்கை இடித்தது. வலப்பக்கம் திரும்பிச் சுட்டேன்.

கூட்டம் விசிலடித்தது.

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். "அந்தாண்ட தண்ணி சொட்டிக்கினே இருந்துச்சு. திடீர்னு சத்தம் அடங்கிச்சு. எவனோ குறுக்க நிக்கிறான்னு நெனச்சேன்" என்றாள்.

டிரைவர் தலையைச் சொறிந்தார். "உங்கிட்ட தோக்கலபா. உன் குடும்பத்துகிட்ட தோத்துட்டேன்."

மைக்கில் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார்கள். பரிசு அண்டாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாங்கினோம்.

இப்போது யாராவது என் வலது காதைப் பற்றிக் கேட்டால் மறைப்பதில்லை. அந்தப் பக்கத்துக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.